லண்டன் றேடியோவில் பேசப்பட்ட மூன்று நாவல்கள்: யாழ்ப்பாணத்தில் எதை, எந்தப் பதிப்பில் வாங்குவது?

ஒரு நாவலுக்குப் பெரிய பரிசு கிடைத்தால் அடுத்த இரண்டு கிழமைக்கு அதை எழுதியவர் றேடியோவிலும் ரிவியிலும் மாறி மாறி வருவார். பேட்டி பத்து நிமிடம். யுத்தம், புலப்பெயர்வு, எழுத எத்தனை வருடம் பிடித்தது, பரிசு அறிவித்தபோது எப்படி இருந்தது என்று கேட்டு முடிவதற்குள் நேரம் போய்விடும். கேட்டவர்களுக்கு மிஞ்சுவது "இலங்கைப் போரைப் பற்றிய நாவலாம்" என்ற ஒரு வரிதான். அந்த வரியை மட்டும் நம்பிப் புத்தகத்தை எடுப்பித்தவர்கள் நாற்பதாம் பக்கத்தில் மூடி வைத்துவிடுகிறார்கள். பிழை அவர்களிலும் இல்லை, புத்தகத்திலும் இல்லை. எப்படிப்பட்ட புத்தகம் என்று யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

அண்மை வருடங்களில் இப்படிப் பேசப்பட்டவற்றில் எங்களுக்கு நெருக்கமானவை மூன்று. அனுக் அருட்பிரகாசத்தின் 'எ பசேஜ் நோர்த்' 2021இல் புக்கர் குறும்பட்டியலில் இருந்தது. ஷெஹான் கருணாதிலகவின் 'த செவன் மூன்ஸ் ஒஃப் மாலி அல்மேதா' 2022இல் புக்கர் பரிசையே எடுத்தது. வி. வி. கணேசானந்தனின் 'பிரதர்லெஸ் நைற்' 2024இல் பிரித்தானியாவின் பெண்களுக்கான புனைகதைப் பரிசையும், வட அமெரிக்காவின் கரோல் ஷீல்ட்ஸ் பரிசையும் ஒரே வருடத்தில் பெற்றது. மூன்றும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறதென்றால் 'பிரதர்லெஸ் நைற்' வாங்குங்கள். அதையும், இயலுமானால், ஒலிநூலாக வாங்கிக் கேளுங்கள்.

கதை 1981இல் யாழ்ப்பாணத்தில் தொடங்குகிறது. சசிக்குப் பதினாறு வயது, டொக்டராக வேண்டும் என்று படிக்கிறாள், கூடப் பிறந்த ஆண்கள் நான்கு பேர். முதல் காட்சியிலேயே தேத்தண்ணிக்குக் கொதிக்க வைத்த தண்ணீர் அவள் மேல் கொட்டுகிறது. சைக்கிளில் போய்க்கொண்டிருந்த அயல்வீட்டுப் பெடியன் கே, அவள் குழறும் சத்தம் கேட்டு உள்ளே ஓடி வந்து, முட்டைகளை உடைத்து எரிந்த இடத்தில் ஊற்றுகிறான். வைத்தியமாகப் பார்த்தால் இது பிழை. எரிகாயத்தை உடனே ஓடும் குளிர்ந்த தண்ணீரில் இருபது நிமிடம் பிடிக்க வேண்டும். பச்சை முட்டையால் கிருமி தொற்றும். ஆனால் நாவல் முழுவதற்கும் கால்கோள் இந்தக் காட்சிதான். கைக்கு அகப்பட்டதை வைத்துக்கொண்டு ஒரு உடம்பைக் காப்பாற்றுவது எப்படி, காப்பாற்றுவது யாரை, அதற்கு யாருடைய அனுமதி வேண்டும் என்ற கேள்விகளோடுதான் சசி பிறகு மருத்துவபீட மாணவியாகவும், புலிகள் இயக்கத்தின் காயக்காரருக்கு மருந்து கட்டுபவளாகவும் வாழ்கிறாள். கடைசியில் உண்ணாவிரதம் இருக்கும் கேயின் பக்கத்திலும் அவளே இருக்க வேண்டி வருகிறது. அன்று அவளுக்கு வைத்தியம் செய்தவன் சாகும்போது அவள் வைத்தியம் செய்யக் கூடாது. நாவலின் கட்டுமானம் இவ்வளவுதான். இவ்வளவு இறுக்கமாக வேறு எந்தப் போர் நாவலிலும் இது அமைவது அரிது.

கே, 1987 செப்டெம்பரில் நல்லூர் வீதியில் உண்ணாவிரதம் இருந்து இறந்த திலீபனின் சாயல்; அதை அறிந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அதேபோல அஞ்சலி என்ற விரிவுரையாளர் பாத்திரத்தில் ரஜனி திராணகம தெரிவார். யாழ் மருத்துவபீடத்தில் உடற்கூற்றியல் துறைத் தலைவராக இருந்து, 1989 செப்டெம்பர் 21 அன்று சுட்டுக்கொல்லப்பட்டவர். போர்க்கால மனித உரிமை மீறல்களைப் பதிந்த 'முறிந்த பனை' என்ற புத்தகத்தை எழுதிய நால்வரில் ஒருவர். அந்தப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இந்த நாவலை வாசிப்பது நல்லது, குறிப்பாக இந்திய அமைதிப்படைக் காலத்துப் பகுதியை. அங்கே வாக்குமூலமாகப் பதிந்திருப்பது இங்கே பாத்திரங்களின் வாயால் வருகிறது. எந்த இடத்தில் பதிவு நின்று புனைவு தொடங்குகிறது என்று அப்போது விளங்கும். நாவலையே சரித்திரமாக எடுத்துக்கொண்டு சண்டை பிடிப்பவர்கள் இந்த வேலையைச் செய்யாதவர்கள்.

ஒரு குறை உண்டு. சசி பிற்காலத்தில் நியூயோர்க்கில் இருந்துகொண்டு, வெளியூர் வாசகரை "நீங்கள்" என்று விளித்துத்தான் கதை சொல்கிறாள். அதனால் பல்கலைக்கழக அனுமதியில் வந்த தரப்படுத்தல் என்ன, 1983 யூலையில் கொழும்பில் என்ன நடந்தது, இயக்கங்கள் எத்தனை என்றெல்லாம் எங்களுக்குத் தெரிந்ததை விளக்கிக்கொண்டு போவாள். யாழ்ப்பாண நூலகம் எரிந்த பகுதியை மட்டும் நின்று வாசியுங்கள், அண்ணன்மாரில் ஒருவன் அங்கே வேலை செய்தவன். மற்ற விளக்கங்களை வேகமாகக் கடக்கலாம். மருத்துவபீடத்துக்குள் சசி காலெடுத்து வைத்த பிறகு வேகத்தைக் குறைக்க வேண்டும்.

ஒலிநூலைச் சொன்னதற்குக் காரணம் வாசித்த குரல். வாசித்திருப்பவர் நிர்மலா இராஜசிங்கம், ரஜனியின் உடன்பிறந்த அக்கா, நாடக நடிகை, பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் சிறை இருந்தவர். தங்கையின் சாயலில் எழுதப்பட்ட பாத்திரத்துக்கு அக்கா குரல் கொடுக்கிறார். இதற்கு மேல் ஒரு பதிப்பைப் பற்றி என்ன சொல்ல இருக்கிறது? ஊர்ப் பெயர்களும் ஆட்களின் பெயர்களும் யாழ்ப்பாணத்தவர் வாயில் வருவது போலவே வருகின்றன. ஆங்கில எழுத்தில் வாசிக்கும்போது நெருடும் உறவுமுறைச் சொற்கள்கூடக் காதில் இயல்பாக விழும். பிபிசி றேடியோவின் தமிழோசையைக் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு, ஆங்கிலம் ஓரளவு விளங்கினால் போதும், கண்ணைவிடக் காது உதவும்.

'செவன் மூன்ஸ்' வேறு சாதி. செத்துப்போன படப்பிடிப்பாளன் மாலிக்கு, தன்னைக் கொன்றவர் யார் என்று கண்டுபிடிக்கவும், கட்டிலுக்கடியில் ஒளித்து வைத்த படங்களை நண்பர்கள் கையில் சேர்க்கவும் ஏழு நிலா, அதாவது ஏழு இரவு, தவணை. இடம் 1990ஆம் ஆண்டுக் கொழும்பு, பேய்கள் நெருங்கும் பேர வாவி. றேடியோவில் இதை நகைச்சுவை நாவல் என்றார்கள். சிரிப்பு இருக்கிறது, ஆனால் ஜே.வி.பி. கிளர்ச்சிக் காலத்துக் காணாமற்போதல்கள்தான் உள்ளடக்கம். தெற்கில் நடந்ததைச் செய்தியாக மட்டும் அறிந்த எங்களுக்கு இது அவசியமான வாசிப்பு. மாலி தாய்வழியில் தமிழ் இரத்தம் உள்ளவன், அவனுடைய காதலனின் தகப்பன் ஒரு தமிழ் அமைச்சர். கதையின் முடிச்சு அந்த வீட்டுக்குள்தான் இருக்கிறது. பரிசு மேடையில் ஷெஹான் பேசி முடிக்கும்போது தமிழிலும் சிங்களத்திலும் இரண்டு வார்த்தை சொன்னார் என்பதையும் நாங்கள் மறக்கக் கூடாது.

வாசகர் தடக்குப்படும் இடங்கள் இரண்டு. முழுக் கதையும் "நீ" என்ற முன்னிலையில் ஓடுவதால் முதல் நிலா என்ற முதல் பகுதியில் யார் யாருடன் பேசுகிறார் என்று குழம்பும். இரண்டாவது, ஆங்கிலச் சுருக்கப் பெயர்களின் கூட்டம். தொடக்கத்தில் அவற்றுக்கு மாலியே ஒரு விளக்கப் பட்டியல் எழுதி வைத்திருக்கிறான்; அதைத் தாண்டிப் போகாமல் அந்தப் பக்கத்தில் ஒரு துண்டை அடையாளமாக வைத்துவிடுங்கள். மூன்றாம் நிலாவுக்குப் பிறகு தேவைப்படாது.

வாங்கும்போது முக்கியமான எச்சரிக்கை: 2020இல் இந்தியாவில் வந்த 'சற்ஸ் வித் த டெட்' என்ற நாவல் இதன் முந்திய வடிவம்தான். வெளிநாட்டு வாசகருக்குப் பின்னணி விளங்க வேண்டும் என்று லண்டனில் உள்ள 'சோர்ட் ஒஃப் புக்ஸ்' என்ற சிறு பதிப்பகத்தோடு சேர்ந்து திருத்தி, பெயரையும் மாற்றி 2022இல் வெளியிட்டார்கள். பரிசு கிடைத்தது திருத்திய வடிவத்துக்கு. இரண்டையும் வெவ்வேறு நாவல் என்று நினைத்துச் சேர்த்து வாங்க வேண்டாம். எழுத்துத் திருத்தத்தைப் படிக்க விரும்புபவர்களுக்கு மட்டும் இரண்டும் பிரயோசனம்.

'எ பசேஜ் நோர்த்' பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். அப்பம்மாவைப் பராமரித்த ராணி என்ற பெண் இறந்துவிட்டாள் என்று தகவல் வர, கிருஷன் கொழும்பிலிருந்து வடக்கே செத்த வீட்டுக்கு ரயில் ஏறுகிறான். சம்பவம் அவ்வளவே. நேரடி உரையாடல் கிடையாது, ஒரு வசனம் அரைப் பக்கம் போகும். பஸ்ஸில் இடிபட்டுக்கொண்டு வாசிக்க ஏலாது. ஒரு இருப்பில் பதினைந்து பக்கம் என்று வைத்துக்கொண்டால் ஓடும். சைவ வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு உள்ளே ஒரு கதவு திறந்திருக்கிறது: காசில்லாமல் மனத்துக்குள்ளேயே கோயில் கட்டிய பூசலார் நாயனாரை அனுக் நாவலின் தொடக்கப் பகுதியிலேயே கொண்டுவருகிறார். கிருஷனும் போரின் கடைசி மாதங்களை வெளியில் இருந்தபடியே தனக்குள் கட்டிப் பார்த்தவன். பெரியபுராணம் தெரியாத பேட்டியாளர்கள் இதைக் கேட்கவே இல்லை. இரண்டு மகன்மாரை இழந்த ராணியின் பகுதிகள் மூன்று நாவல்களிலும் வைத்து மிக ஆழமானவை.

இனி வாங்கும் விஷயம். கடையில் பெயரை மட்டும் சொல்லி ஓடர் கொடுத்தால் கெட்டி அட்டைப் பதிப்பு வந்து விலை எகிறும். ஒவ்வொரு வடிவத்துக்கும் தனி ஐ.எஸ்.பி.என். உண்டு, 978 என்று தொடங்கும் பதின்மூன்று இலக்கம். பதிப்பகத்தின் இணையத்தளத்தில் பேப்பர்பேக்கின் இலக்கத்தை எடுத்து எழுதிக் கொடுங்கள். கணேசானந்தன், கருணாதிலக போன்ற பெயர்களை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுவதால் பெயரை வைத்துத் தேடினால் கடைக்காரருக்கே அகப்படாமல் போகும்.

புத்தகம் கைக்கு வந்ததும் காசு கொடுக்கும் முன் பக்க எண்களைத் தட்டிப் பாருங்கள். அச்சில் பதினாறு அல்லது முப்பத்திரண்டு பக்கம் ஒரு கட்டாக மடிக்கப்படும். ஒரு கட்டு விடுபட்டால் 144க்குப் பிறகு 161 வரும், இல்லையென்றால் அதே பக்கங்கள் இரண்டு தரம் வரும். பரிசு பெற்ற புத்தகங்களுக்குக் கள்ளப் பதிப்பு வேகமாக வருகிறது. அட்டைப்படத்தின் சிறிய எழுத்துகள் மங்கி இருக்கும், ஓரத்து வெள்ளை விளிம்பு ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் ஒடுங்கியும் போகும், நடுவில் மெல்ல விரித்தாலே முதுகுப் பசை சடசடக்கும். பின்னட்டையில் இந்தியத் துணைக்கண்டத்தில் மட்டும் விற்பனைக்கு என்று அச்சிட்டிருந்தால் பயப்பட வேண்டாம், அது முறையான மலிவுப் பதிப்பு. தாள் கொஞ்சம் மெல்லிசு, எழுத்தில் மாற்றமில்லை.

பள்ளிக்கூட நூலகத்துக்கோ சனசமூக நிலையத்துக்கோ வாங்குபவர்கள் மட்டும் கெட்டி அட்டைக்குப் போகலாம், அதுவும் தைத்த கட்டா என்று முதுகின் மேல் நுனியில் பார்த்த பிறகு. கெட்டி அட்டைக்குள்ளும் வெறும் பசை கட்டுகள் வருகின்றன. இருபது கை மாறும் புத்தகத்துக்கு அந்தப் பசை போதாது, எங்கள் வெயிலில் இன்னும் கெதியாக இளகிவிடும்.