‘யாருக்குக் குறை’ என்று கேட்காத ஆலோசனை மையம்

கோவையில் நாங்கள் போய்வரும் தம்பதியர் ஆலோசனை மையத்தைப் பற்றி எழுதுகிறேன். எங்கள் அந்தரங்கம் கருதிப் பெயரைத் தவிர்க்கிறேன்.

எனக்கு 27 வயது, என் கணவருக்கு 30. காதலித்துக் கட்டிக்கொண்டோம், பாசத்துக்குக் குறைவில்லை. தாம்பத்தியத்தில் எனக்கு நாட்டம் அதிகம், இவருக்குக் குறைவு. ஒரு பெண் இதை அம்மாவிடம்கூடச் சொல்ல முடிவதில்லை. இவரோ, மாதம் ஒருமுறை லாட்ஜில் ரூம் போட்டு உட்காரும் லேகிய வைத்தியரிடம் போகலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

இங்கே ஆலோசகர் முதலில் கேட்டது, “என்னென்ன மாத்திரை சாப்பிடறீங்க?” இவர் பதற்றத்துக்கு எஸ்சிட்டலோப்ராம் என்ற மாத்திரை எடுத்துவந்தார். நாட்டம் குறைவது அந்த வகை மருந்துகளின் பரவலான பக்கவிளைவு. எழுதிக்கொடுத்த இடத்தில் இதை யாரும் எங்களிடம் சொல்லவில்லை. “நீங்களா நிறுத்திடாதீங்க” என்று ஆலோசகர் அழுத்திச் சொல்லி, மனநல மருத்துவருக்குக் கடிதம் கொடுத்தார். தைராய்டு, புரோலாக்டின், டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் பரிசோதனைகளும் பார்த்தோம். எல்லாம் சரியாக இருந்தன. மாத்திரையின் டோஸ் மாற்றியதில் ஓரளவு பலன் தெரிந்தது.

மீதியெல்லாம் பேச்சும் பயிற்சியும்தான். சிலருக்கு ஆசை தானாக எழும். சிலருக்கு நெருக்கம் தொடங்கிய பிறகுதான் வரும் என்றார். கனடா மருத்துவர் ரோஸ்மேரி பாசன் 2000-இல் பெண்களை வைத்து விளக்கியது இது. ஆண்களிடமும் இதைப் பார்ப்பதாக ஆலோசகர் சொன்னார். இவர் முகம் தெளிந்ததை அன்றுதான் பார்த்தேன். வீட்டில் செய்யக் கொடுத்தது, அமெரிக்கப் பாலியல் ஆய்வாளர்கள் மாஸ்டர்ஸும் ஜான்சனும் வகுத்த தொடுதல் பயிற்சி. உடலுறவு கூடாது, மாறிமாறித் தொடுவது மட்டும். எனக்கு முதலில் எரிச்சலாக இருந்தது. ஆனால் தொட்டால் அடுத்து எதுவும் செய்தாக வேண்டியதில்லை என்றானதும், லேப்டாப்பை மூடிவிட்டு இவராகவே பக்கத்தில் வந்து படுத்தார். அவர் ‘இன்னிக்கு வேண்டாம்’ என்றால் என்னைப் பிடிக்கவில்லை என்று எடுத்துக்கொள்வதை நானும் விட்டேன். எங்கள் நாட்டத்தின் அளவு இன்னும் ஒத்துப்போகவில்லைதான். அழுகை நின்றிருக்கிறது. எனக்கு அதுவே பெரிது.

குறைகளும் உண்டு. 50 நிமிடத்துக்கு 1,800 ரூபாய், எங்களுக்குக் கனம்தான். வரவேற்பில் பெயரைச் சத்தமாகக் கூப்பிடுகிறார்கள். இந்த மாதிரி இடத்தில் அதைக் கட்டாயம் மாற்ற வேண்டும்.

எங்கே போனாலும், உளவியலாளர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்தவரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இருவரும் சேர்ந்தே போங்கள். சனிக்கிழமை மாலை வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.