டாங்கரே லண்டன் டிரை: ஜூனிப்பர் வாசம் கெடாமல் பரிமாற

பச்சை பாட்டிலில் வரும் டாங்கரே ஜின்னில் வாசத்துக்காகச் சேர்வது நான்கே பொருள்: ஜூனிப்பர் (பைன் வாசமுள்ள சிறு காய்), கொத்தமல்லி விதை, ஏஞ்சலிக்கா என்ற மூலிகையின் வேர், அதிமதுரம். இரண்டு நம் மளிகைக் கடையிலும் நாட்டு மருந்துக் கடையிலும் கிடைப்பவை. எலுமிச்சைத் தோல்கூடக் கிடையாது. முகரும்போது லேசாக வரும் எலுமிச்சை வாசம் கொத்தமல்லி விதையுடையது. வறுக்காத விதையை இடித்து முகர்ந்தால் பிடிபடும்.

1830-இல் லண்டன் புளூம்ஸ்பரியில் சார்லஸ் டாங்கரே தொடங்கியது. இப்போது வடிப்பது ஸ்காட்லாந்தின் கேமரன்பிரிட்ஜில். அதனால் பெயர் பொய்யாகிவிடாது. ‘லண்டன் டிரை’ என்பது செய்முறையைக் குறிப்பது: வாசம் முழுவதும் வடிக்கும்போதே ஏற வேண்டும், பின்னால் மணமும் நிறமும் சேர்க்கக்கூடாது.

வாங்கும்போது லேபிளில் வீரியத்தை, அதாவது ஆல்கஹால் அளவைப் பாருங்கள். அமெரிக்கச் சந்தைக்கு வருவது 47.3 சதவீதம், பல நாடுகளில் அதைவிடக் குறைவு. ஜூனிப்பரின் எண்ணெய்கள் ஆல்கஹாலில்தான் நன்றாகக் கரையும். டானிக்கோடு (கசப்பும் இனிப்பும் கலந்த சோடா) குடிப்பதாக இருந்தால் 47.3-தான் நம் தேர்வு.

எதிலும் கலக்குமுன் தனியாக ருசித்துவிடுவது நல்லது. வாய் குறுகிய கிளாஸில் 25 மில்லி, ஐஸ் வேண்டாம். மூக்கை உள்ளே விட்டால் ஆல்கஹால் நெடிதான் தாக்கும். விளிம்புக்குச் சற்று மேலே நிறுத்துங்கள். முதலில் பைன் பிசின் வாசம். அதே அளவு தண்ணீர் விட்டால் கொத்தமல்லி எழும், அடியில் ஏஞ்சலிக்காவின் மண் வாசம், கடைசியில் அதிமதுரத்தின் மெல்லிய தித்திப்பு. பூவும் பழமும் தேடுகிறவர்களுக்கு இது முரட்டு ஜின்.

ஜின் டானிக்குக்கு 50 மில்லி ஜின், 150 மில்லி டானிக். இரண்டு மடங்குக்குக் குறைந்தால் காரம், நான்கு மடங்கானால் வெறும் சர்க்கரைத் தண்ணீர். உயரமான கிளாஸை விளிம்பு வரை பெரிய ஐஸ் கட்டிகளால் நிரப்புங்கள். ‘ஐஸ் அதிகம் போட்டால் நீர்த்துவிடும்’ என்பது தலைகீழான பயம்: இரண்டு கட்டி மட்டும் போட்டால்தான் அவை சட்டென்று கரைந்து கெடுக்கும். கிளாஸின் அடியில் தேங்கிய நீரை வடித்துவிட்டு ஜின்னை ஊற்றுங்கள். டானிக் ஃப்ரிட்ஜிலிருந்து அப்போதுதான் எடுத்ததாக இருக்கட்டும். வெதுவெதுப்பான டானிக்கில் வாயு நிற்காது, ஊற்றும்போதே நுரைத்துப் போய்விடும். சின்ன பாட்டிலே மேல். நேற்றுத் திறந்த பெரிய பாட்டில் வேண்டாம். கிளாஸைச் சாய்த்து மெதுவாக ஊற்றி, கரண்டியால் ஒரே முறை அடியிலிருந்து தூக்கிவிட்டால் போதும். எலுமிச்சை எட்டில் ஒரு துண்டு. நம்மூர்ச் சின்ன எலுமிச்சையே சரியான பழம். பாதிப் பழத்தைப் பிழிந்தால் ஜூஸ்தான் மிஞ்சும். வெள்ளரி, ரோஜா இதழ் எல்லாம் வேறு ஜின்களுக்கு.

மார்ட்டினிக்கு 60 மில்லி ஜின், 10 மில்லி டிரை வெர்மூத் (மூலிகை சேர்த்த, இனிப்புக் குறைந்த ஒயின்), ஐஸோடு அரை நிமிடம் கலக்கி வடிக்க வேண்டும். ஃப்ரீசரில் வைத்த ஜின்னை அப்படியே ஊற்றினால் குளிர்ச்சி இருக்கும், ஆனால் ஐஸ் கரைந்து சேர வேண்டிய நீர் சேராது. வாசமும் அடங்கிக் கிடக்கும். அப்படி ஊற்றுவதானால் 15 மில்லி குளிர்ந்த நீர் விடுங்கள். திறந்த வெர்மூத்தை ஃப்ரிட்ஜில் வைத்து ஒரு மாதத்துக்குள் முடித்துவிடுங்கள். அலமாரியில் ஆறு மாதம் கிடந்ததை ஊற்றிவிட்டு ஜின்னைத் திட்டுகிறவர்கள்தான் அதிகம்.