தூத்துக்குடி உப்புக்காற்றில் ஒரு வெள்ளைக் கார்: துருப்புள்ளிகளை நீக்கியதும் அதன் பிறகு கண்டதும்

தூத்துக்குடியில், உப்பளங்களுக்கும் கடலுக்கும் நடுவே அமைந்த ஒரு குடியிருப்பில், கூரையில்லாத வாசலில் பல ஆண்டுகளாக நிற்கும் வெள்ளை நிறச் சிறிய கார் என்னுடையது. அதன் பெயின்ட்டில் அவ்வப்போது தோன்றிய துருப்புள்ளிகளைப் பட்டறைக்குக் கொண்டுசெல்லாமல் வீட்டிலேயே நீக்கி வந்திருக்கிறேன். எந்த முறை வடகிழக்குப் பருவமழையைத் தாண்டி நின்றது, எது ஓராண்டுக்குள் மீண்டும் பழுப்பேறியது என்பதைப் பதிவு செய்வதே இங்கு நோக்கம். பொருளை வாங்கிய வாரத்திலேயே எழுதப்படும் மதிப்பீடுகள் துரு விஷயத்தில் அநேகமாகப் பயன்படுவதில்லை. பெயர்ந்த இடத்தில் மட்டும் நிறம் வைக்கும் எந்த டச்-அப்பும் முதல் மாதம் அழகாகத்தான் இருக்கும்.

கடற்கரை ஊர்களில் துரு இவ்வளவு வேகமாக ஏறுவதற்கு உப்பு காரணம் என்பது எல்லோருக்கும் தெரியும். எந்த உப்பு என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நாம் சமையலுக்குப் பயன்படுத்தும் சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் நீரை இழுத்துக் கரையும். கடலுப்போடு கலந்து வரும் மக்னீசியம் குளோரைடோ 33 சதவீத ஈரப்பதத்திலேயே கசியத் தொடங்கிவிடும். ஆகையால் பானட்டின் விளிம்பிலும் கதவு மடிப்பிலும் படிந்த கடலுப்பு, நடுப்பகல் வெயிலிலும் முழுமையாக உலர்வதில்லை. காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வகம், உலோகங்களை வெட்டவெளியில் வைத்து அவை அரிக்கப்படும் வேகத்தை அளப்பதற்கென்று மண்டபத்தில் ஒரு மையம் வைத்திருக்கிறது. அந்தக் கரையின் காற்றைச் சோதனைக்குத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். நம் கார்கள் அதே காற்றில் எந்தத் தேர்வும் இல்லாமல் நிற்கின்றன.

புள்ளிகளைக் கண்டதும் முதலில் செய்ய வேண்டியது அவை எந்த வகை என்று பிரிப்பது. கூரையிலும் பானட்டிலும் நூற்றுக்கணக்கில் தெளித்தாற்போல் இருக்கும் செம்பழுப்புப் பொட்டுகள் பெரும்பாலும் காரின் துருவே அல்ல. வேறு எங்கிருந்தோ பறந்து வந்த இரும்புத் துகள் சூடாகவோ வேகமாகவோ பெயின்ட்டின் மேல்பூச்சில் பதிந்து, அங்கேயே துருப்பிடித்து நிற்கிறது. எங்கள் தெருமுனையில் ஒரு கிரில் பட்டறை இருக்கிறது. அங்கே கிரைண்டர் ஓடும்போது தெறிக்கும் பொறிகள் காற்றடிக்கும் திசையில் வெகுதூரம் வரும். ரயில் தடத்தின் அருகே நிற்கும் வண்டிகளுக்கும் இதே கதை, பிரேக் பட்டையும் சக்கரமும் தேயும் தூளால். கழுவி உலர்ந்த பெயின்ட்டின் மேல், விரலில் மெல்லிய பாலித்தீன் பையை மாட்டிக்கொண்டு தடவினால் மணல் நெருடுவது போல் நெருடும். வெறும் விரலுக்கு அது தெரியாது.

இந்த வகைக்கு அயர்ன் ரிமூவர் என்று விற்கப்படும் திரவம் நன்றாகவே வேலை செய்கிறது. அதிலுள்ள தயோகிளைகோலேட் உப்பு இரும்போடு சேர்ந்ததும் ஊதா நிறமாக மாறும்; தெளித்த ஓரிரு நிமிடங்களில் ஒவ்வொரு பொட்டிலிருந்தும் மெல்லிய ஊதாக் கோடு வழிந்து இறங்குவதைப் பார்க்கலாம். கூந்தலைச் சுருட்டுவதற்கான கரைசல்களிலும் இதே குடும்பத்து ரசாயனம்தான் இருக்கிறது என்பதால், அழுகிய முட்டையை நினைவூட்டும் அந்த வாடையைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். வெயிலில் சுட்டுக்கொண்டிருக்கும் தகட்டின் மேல் இதைத் தெளிக்கக் கூடாது. நிழலில், தொட்டால் குளிர்ச்சியாக இருக்கும்போது தெளித்து, காயவிடாமல் 3 முதல் 5 நிமிடங்களுக்குள் கழுவிவிட வேண்டும். பிடிவாதமாக நின்ற பொட்டுகளை, சோப்பு நீரை வழுக்கலுக்கு விட்டுக்கொண்டு, கிளே பார் எனப்படும் பிசையக்கூடிய களிமண் கட்டியால் அழுத்தாமல் தேய்த்தால் எடுத்துவிடலாம். முதலிலேயே கிளே பாரை எடுத்தால் துகள்கள் அதில் ஒட்டிக்கொண்டு கீறல் போடும். வரிசையை மாற்ற வேண்டாம்.

பலன் எவ்வளவு காலம் நின்றது என்றால், பட்டறை அதே இடத்தில் இருக்கும்வரை பொட்டுகளும் வந்துகொண்டுதான் இருக்கும். மழைக்கு முன் ஒரு தடவை, மழை ஓய்ந்தபின் ஒரு தடவை என்று வைத்துக்கொண்டதில் கூரை சுத்தமாக இருக்கிறது. பொட்டு நின்ற இடத்தில் குழிவும் விழவில்லை. பக்கத்து வீட்டுக் காரில் இதை அப்படியே விட்டுவிட்டதால், துகள் மேல்பூச்சைத் தின்று இறங்கி, எடுத்த பிறகும் ஊசிமுனைக் குழிகள் தெரிகின்றன.

இரண்டாவது வகைதான் உண்மையான வேலை. நெடுஞ்சாலையில் லாரியின் பின்னால் போகும்போது தெறிக்கும் ஜல்லி, பானட்டின் முன்விளிம்பிலும், முன்கண்ணாடிக்கு மேலே கூரை தொடங்கும் இடத்திலும், சக்கர வளைவின் உதட்டிலும் பெயின்ட்டைப் பெயர்த்துவிடுகிறது. கம்பெனியில் அடிக்கும் பெயின்ட் எல்லா அடுக்குகளும் சேர்ந்தே ஏறக்குறைய 100 முதல் 130 மைக்ரான்தான், அதாவது ஒன்றிரண்டு தலைமுடியின் தடிமன். அதைத் துளைக்கப் பெரிய கல் தேவையில்லை. பெயர்ந்த இடம் கடுகளவாக இருக்கும். ஆனால் துரு அந்தக் கடுகோடு நிற்காது. ஓரத்துப் பெயின்ட்டுக்கு அடியில் ஊர்ந்து பரவும். நகத்தால் கீறினால் ஓரம் செதிலாகப் பெயர்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எவ்வளவு சுரண்ட வேண்டும் என்று முடிவு செய்ய வேண்டும்.

நான் வேண்டுமென்றே இரண்டு விதமாகச் செய்து பார்த்தேன். பானட்டில் சில புள்ளிகளை லேசாகத் தேய்த்து, துருவைக் கறுத்த படலமாக மாற்றும், கடையில் கிடைக்கும் ரஸ்ட் கன்வெர்ட்டரைத் தடவி, அது கறுத்து இறுகியதும் நேரடியாக நிறம் வைத்தேன். அருகிலேயே இருந்த மற்ற புள்ளிகளில், உப்புத்தாளைச் சிறு துண்டாக்கிப் பென்சிலின் பின்முனையில் ஒட்டி, 320 எண் சொரசொரப்பிலிருந்து தொடங்கி, தகடு வெள்ளி போல் பளிச்சென்று தெரியும்வரை சுரண்டி, இரு பாகமாகக் கலக்கும் எபாக்சி ப்ரைமரை (நிறத்துக்கு அடியில் வைக்கும் கெட்டியான அடிப்பூச்சு) வைத்து அதன்மேல் நிறம் வைத்தேன். முதல் வகைப் புள்ளிகளைச் சுற்றி, அடுத்த மழைக்காலம் முடிந்ததுமே தேநீர்க் கறை போன்ற வளையம் தோன்றிவிட்டது. இரண்டாம் வகையில் இன்றுவரை எதுவும் கிளம்பவில்லை. சக்கர வளைவில் ஓரிடத்தில் மட்டும் புதிதாகக் கல் பட்டு மீண்டும் செய்ய வேண்டிவந்தது.

கன்வெர்ட்டர் மோசமான பொருள் என்று சொல்ல வரவில்லை. அதிலுள்ள பாஸ்பாரிக் அமிலம் துருவை இரும்பு பாஸ்பேட்டாகவும், டானிக் அமிலம் கருநீல டானேட்டாகவும் மாற்றுகின்றன. மேலாக இருக்கும் மெல்லிய துருவுக்கு அது போதும். ஆனால் கடலோரத் துருவில் குழியின் அடியில் உப்பிலிருந்து வந்த குளோரைடு பதுங்கியிருக்கிறது, கன்வெர்ட்டர் அதை ஒன்றும் செய்வதில்லை. மேலே கறுத்த தோலைப் போட்டுவிட்டு அடியில் வேலை தொடர்கிறது. ஆகவே சுரண்டிய பிறகும் குழிக்குள் கறுப்பாகத் தெரியும் ஊசிமுனைப் புள்ளிகளுக்கு மட்டும் அதைத் தீக்குச்சி நுனியால் வைத்து, அமிலவகையாக இருந்தால் நல்ல தண்ணீரில் கழுவி, ஹேர் டிரையரால் உலர்த்திவிட்டுத்தான் எபாக்சிக்குப் போகிறேன். அமில எச்சத்தின் மேல் எபாக்சி சரியாக இறுகாது. வினிகர், எலுமிச்சை, கோலா ஆகியவற்றாலும் துரு கரையத்தான் செய்யும். கழுவித் துடைத்த பத்து நிமிடத்தில் ஈரத் தகட்டின் மேல் மஞ்சள் படலம் மறுபடி பூப்பதைப் பார்த்தவர்கள் அவற்றை விட்டுவிடுவார்கள். டபிள்யூடி-40 என்ற எண்ணெய் ஸ்ப்ரேயை அடித்த இடத்தைத் தின்னரால் நன்கு துடைக்காவிட்டால் எந்தப் பூச்சும் ஒட்டாது. சில கார்களின் தகட்டுக்குத் துத்தநாகப் பூச்சு இருக்கும் என்பதால், துருவில்லாத ஓரங்களையும் சேர்த்து அகலமாகச் சுரண்டுவது இருக்கிற காப்பையே எடுத்துவிடுவதாகும்.

நிறம் வைப்பதில் பொறுமையைத் தவிர நுட்பம் அதிகமில்லை. காரின் நிற எண் கதவுத் தூணிலோ என்ஜின் அறையிலோ ஒட்டியிருக்கும் தகட்டில் இருக்கும். பெயின்ட் மிக்சிங் கடையில் அதைச் சொன்னால் சிறிதளவு கலந்து தருவார்கள். பாட்டிலோடு வரும் தூரிகை தடித்தது. பல்குச்சி நுனியில் எடுத்துக் குழியில் மட்டும் விட்டு, அரை மணி நேர இடைவெளியில் மெல்லிய அடுக்குகளாக நிரப்பினால் மேடு கட்டாது. ஈரக்காற்று அடிக்கும் மாலையில் வைத்தால் தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, நீர் படிந்து, பூச்சு வெளிறிப்போகும். கடற்காற்று எழும் முன் காலை பத்து மணிவாக்கில் நிழலில் வைப்பதே இங்கு சரியாக வருகிறது. வெள்ளை போன்ற சாதா நிறங்களில் சில கார்களுக்கு, நிறத்தின் மேல் அடிக்கும் நிறமற்ற பூச்சான லேக்கர் இருக்காது; ஒரு கறுப்புத் துணியில் பாலிஷை எடுத்து மறைவான இடத்தில் தேய்த்துப் பார்த்தால், துணியில் வெள்ளை ஏறினால் லேக்கர் இல்லை என்று பொருள். ஒரு வாரம் கழித்து 2000 எண் வாட்டர் பேப்பரால் மட்டம் செய்து, ரப்பிங் காம்பவுண்ட் போடலாம். மெட்டாலிக் நிறக்காரர்கள் இவ்வளவு நேர்த்தியை எதிர்பார்க்க வேண்டாம். அலுமினியத் துகள் படியும் விதம் மாறுவதால் டச்-அப் பக்கவாட்டிலிருந்து தெரியத்தான் செய்யும்.

பாதுகாப்பு என்று வரும்போது, பணம் போகும் இடமும் பலன் வரும் இடமும் வேறுவேறாக இருப்பதை இத்தனை காலத்தில் கண்டிருக்கிறேன். செராமிக் கோட்டிங் மினுமினுப்பைத் தருகிறது, கழுவுவதை எளிதாக்குகிறது. ஜல்லி அடியை அது தாங்குவதில்லை, ஏற்கெனவே தொடங்கிவிட்ட துருவை நிறுத்துவதும் இல்லை. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கையால் போடும் மெழுகு அதற்குச் சற்றும் குறையவில்லை என்பதே என் முடிவு. எல்லாவற்றையும்விடப் பெரிய வித்தியாசத்தைக் காட்டியது கழுவும் தண்ணீர்தான். இந்த ஊரின் போர் தண்ணீர் பல இடங்களில் உப்பு. அதில் வாட்டர் வாஷ் செய்வது, உப்பைக் கழுவி உப்பை ஊற்றுவதுதான். அழுக்கைப் போக்க அதைப் பயன்படுத்தினாலும், கடைசியாக இரண்டு வாளி தாமிரபரணித் தண்ணீரை விளிம்புகள், சக்கர வளைவுகள், கதவின் அடிப்பகுதி ஆகியவற்றில் ஊற்றி முடிப்பதை வழக்கமாக்கிய பிறகு, புதிய புள்ளிகளில் பழுப்பு ஏறும் வேகம் கண்கூடாகக் குறைந்தது. காற்றுப் புகாத கார் கவர் இங்கே கேடுதான். பனியும் உப்பும் உள்ளே தங்கிப் புழுங்குவதோடு, காற்றில் அசைந்து மெழுகையும் உரசி எடுத்துவிடுகிறது.

மூன்றாவது வகைத் துருவை வீட்டில் சரிசெய்ய முடியவில்லை. இடதுபின் கதவின் அடிமடிப்பில் பெயின்ட் கொப்புளமாக எழும்பியது. குத்திப் பார்த்தால் உள்ளே நீரும் செந்தூளும். அது வெளியிலிருந்து போன துரு அல்ல, உள்ளிருந்து வந்தது. கதவுக்கு அடியில் நீர் வடிவதற்கென்று இருக்கும் துளைகள் மண்ணும் இலைச்சருகும் அடைத்துக்கொண்டால், கண்ணாடி வழியே இறங்கும் மழைநீர் மடிப்பில் தேங்கிவிடுகிறது. சுரண்டி எபாக்சி வைத்தும் அந்தக் கொப்புளம் ஒரே பருவத்தில் பக்கத்தில் எழும்பிவிட்டது. மற்ற மூன்று கதவுகளின் துளைகளையும் வளையும் பிளாஸ்டிக் டேக்கால் குத்தித் திறந்து, நீண்ட குழாய் பொருத்திய ஸ்ப்ரேயால் உள்ளறை மெழுகை அடித்து வைத்ததில் அவை நலமாக இருக்கின்றன. பழுதான கதவை ஒரு பட்டறையில் காட்டியபோது, பட்டி எனப்படும் நிரப்புப் பசையை வைத்து மூடி நிறம் அடித்துத் தருவதாகச் சொன்னார்கள். பட்டி நீரைக் குடிக்கும் பொருள் என்பதால் அதற்கு உடன்படவில்லை. அடி விளிம்பை வெட்டி எடுத்துப் புதுத் தகடு பற்றவைக்கும் வேறொரு டிங்கரிடம் வேலையை ஒப்படைத்திருக்கிறேன். மடிப்பின் உட்புறத்துக்கு எபாக்சி ப்ரைமர், நிறம் உலர்ந்தபின் உள்ளே மெழுகு, கீழே வடிதுளைகள் திறந்திருக்க வேண்டும் என்ற மூன்றையும் கூலி பேசும்போதே சொல்லிவிட்டேன்.