38,500 ரூபாய் போச்சு! சைடு வீல் ஸ்கூட்டரை ரிப்பேருக்கு விடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு விடுங்கள்

பின் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் இணைப்புச் சக்கரம் (சைடு வீல்) பொருத்திய ஸ்கூட்டர் ஓட்டுகிற எல்லாரும், அவர்கள் வீட்டு ஆட்களும் இதைப் படியுங்கள். எங்களிடம் 38,500 ரூபாய் வாங்கிக்கொண்டு, ரோட்டில் இறக்கவே கூடாத நிலையில் வண்டியைத் திருப்பிக் கொடுத்திருக்கிறது ஒரு பட்டறை. புகார் போயிருக்கிறது, அதனால் பெயர் போடவில்லை. சைடு வீல் கிட் (சக்கரம், அதைத் தாங்கும் ஃபிரேம், ஆர்ம் எல்லாம் சேர்ந்த செட்) வேலை மட்டுமே செய்கிற, வீடியோ போட்டு ஆள் பிடிக்கிற பட்டறை. என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

பட்டறையில் விடும்போது பழைய கிட்டில் வலது பக்க ஆர்ம் புஷ் (சக்கரத்தைத் தாங்கும் கையின் மூட்டில் இருக்கும் உருளை) தேய்ந்து வீல் ஆடியது. அந்தப் பக்க ஷாக் அப்சார்பரில் ஆயில் கசிவு. கிட் ஃபிரேம் வண்டியின் சேஸிஸோடு (அடிச்சட்டம்) சேருகிற பிராக்கெட்டில் மயிரிழை விரிசல். இந்த வண்டிகளில் முதலில் விரிசல் விடுவது அந்த இடம்தான். சாதாரண ஸ்கூட்டர் வளைவில் சாயும், இது சாயாது. திரும்பும்போது வருகிற பக்கவாட்டு இழுப்பு பெரும்பாலும் வெளிப்பக்க ஆர்ம் வழியாக அந்த பிராக்கெட்டில்தான் போய் இறங்கும்.

பட்டறைக்காரர் பேசியதைக் கேட்டால் யாராக இருந்தாலும் நம்புவார்கள். தரையில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தார். சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்பைக் கழற்றி, பேரிங்கை விரலில் சுற்றி, "கரகரங்குது, நீங்களே பாருங்கண்ணே" என்று கையில் கொடுத்தார். விரிசலைச் சுற்றி சாக்பீஸால் வட்டம் போட்டார். "இது மேல வெல்டு வெக்கக் கூடாதுண்ணே. வெச்சா அதுக்குப் பக்கத்துலயே விட்ரும். பிராக்கெட்டையே மாத்தி 8.8 போல்ட்டு, நைலாக் நட்டு போட்டு இறுக்கணும்" என்றார். (8.8 என்பது போல்ட்டின் பலத்தைக் குறிக்கும் முத்திரை, நைலாக் என்பது தானாகத் தளராத நட்டு.) சொன்னது அத்தனையும் சரி. வேலை தெரிந்த ஆள் என்று நம்ப வைத்ததும் அதுதான்.

வாட்ஸ்அப்பில் அனுப்பிய கணக்கு இது: பிராக்கெட், ஆர்ம், புஷ் எல்லாம் புதிதாக 15,000. ஷாக் ஜோடி 7,000. பேரிங், ஆயில் சீல் 2,500. டயர் இரண்டு 4,000. சீட்டுக்கு முதுகுத் தாங்கலும் ஊன்றுகோல் மாட்டும் கிளாம்ப்பும் 4,000. ஆர்.சி.யில் மாற்றத்தைப் பதிய 6,000. ஆக 38,500 ரூபாய். சாமான் வாங்க வேண்டும் என்று முழுப் பணத்தையும் முன்கூட்டியே வாங்கிவிட்டார்கள்.

வந்த வண்டியைக் கேளுங்கள். வலது சக்கரம் வெளியே பார்த்து நிற்கிறது. ஹேண்டில் வலப்பக்கம் இழுத்துக்கொண்டே போகிறது. இரண்டு பக்கச் சக்கரத்துக்கும் நடுவே ஹப் உயரத்தில் டேப் பிடித்து அளந்தால், முன்பக்கம் பின்பக்கத்தைவிட 18 மி.மீ. அதிகம். இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வரவே கூடாது. புது டயரின் உள் ஓரம் அதற்குள் பூப்பூவாகத் தேய ஆரம்பித்துவிட்டது.

அதைவிட மோசம், பக்கச் சக்கரங்களை அளவுக்கு மேல் கீழே இறக்கி வைத்திருப்பது. இந்தக் கிட்டில் இன்ஜின் சுற்றுவது நடுச் சக்கரத்தை (ஸ்கூட்டரின் சொந்தப் பின் சக்கரம்) மட்டும். பின் பிரேக்கும் அதில்தான். பக்கச் சக்கரங்கள் பாரத்தை எல்லாம் வாங்கிக்கொண்டால் நடுச் சக்கரம் தரையைப் பேருக்குத் தொட்டுக்கொண்டிருக்கும். சின்னப் பள்ளத்தில் இறங்கினாலே அது தூக்கி, வெறுமனே சுற்றுகிறது, வண்டி நகரவில்லை. நகராவிட்டாலும் பரவாயில்லை, தள்ளிவிட யாராவது வருவார்கள். அதே இடத்தில் பிரேக் பிடித்தால்? பின் பிரேக் வேலையே செய்யாது. கிட்டின் எடையும் சேர்ந்த வண்டியை முன் பிரேக் ஒன்றை வைத்து நிறுத்த வேண்டும். கால் ஊன்றி வண்டியைத் தாங்க முடியாதவர்களுக்காகச் செய்கிற வண்டி இது. அதில் இந்த வேலை!

வேறொரு மெக்கானிக்கை வைத்துப் பிரித்துப் பார்த்தால் வயிறு எரிகிறது. பிராக்கெட் மாற்றப்படவே இல்லை. பெயின்டைச் சுரண்டினால் அடியில் அந்த ஆள் போட்ட சாக்பீஸ் வட்டம், அதன் நடுவே விரிசல்மேல் அப்பிய வெல்டு. கிரைண்டரால் வி வடிவத்தில் பள்ளம் எடுக்காமல் மேலாக வைத்த வெல்டு என்பதால் ஓரத்தில் மறுபடி விரிசல் ஓடியிருக்கிறது. போல்ட் தலைகளில் 8.8 முத்திரையே கிடையாது. ஷாக் பழையது, கறுப்பு பெயின்ட் மட்டும் புதிது. பேரிங்கில் கிரீஸ் புதிது, துடைத்தால் அதே குழிகள். இன்னொன்று. பி.எஸ்.6 (புது மாசுக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த) வண்டியில் ஆர்க் வெல்டிங் போடும் முன் பேட்டரி கனெக்‌ஷனையும் இ.சி.யு. (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) சாக்கெட்டையும் கழற்ற வேண்டும், இல்லாவிட்டால் வெல்டிங் கரண்ட் இ.சி.யு.வைக் கெடுத்துவிடலாம். பேட்டரி டெர்மினலில் பழைய பச்சைக் களிம்பு அப்படியே இருக்கிறது, ஸ்பேனர் பட்ட தடமே இல்லை. இப்போது இன்ஜின் லைட் அணையாமல் எரிகிறது.

போன் செய்தால் முதல் பதில், "புது ஷாக்குண்ணே, 500 கிலோமீட்டர் ஓட்டுங்க, தானா செட் ஆயிடும்." சக்கரத்தின் கோணம் ஓட்டினால் செட் ஆகாது, டயர்தான் தீரும். பிறகு, "உங்க ஊர் ரோடு அப்படி." பிறகு, "ரெண்டு பேரா போறீங்களா? லோடு ஜாஸ்தி." வட்டமும் வெல்டும் தெரிகிற போட்டோவை அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. வேறு நம்பரிலிருந்து கூப்பிட்டால், "மாஸ்டர் ஊருக்குப் போயிருக்கார் சார், வந்ததும் பேசச் சொல்றேன்." பணம் வாங்கும்வரை அண்ணன், இப்போது சார். ஆர்.சி. வேலைக்கு விண்ணப்பமே போடவில்லை. அந்த 6,000-க்கு ரசீது கேட்டதும் நம்பரை பிளாக் செய்துவிட்டார்கள். 38,500 ரூபாயில் ஒரு ரூபாய்கூடத் திரும்ப வரவில்லை. நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிந்தாகிவிட்டது.

விவரமாக எழுத இப்போது பொறுமை இல்லை. இதையாவது செய்யுங்கள். முழுப் பணம் முன்னால் கொடுக்காதீர்கள். கழற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்குங்கள், தரவில்லை என்றால் மாற்றவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயின்ட் அடிக்கும் முன் நேரில் போய் வெல்டையும் போல்ட் தலையையும் பாருங்கள். சமதரையில் ஓட்டுகிறவரை உட்கார வைத்து, நடு டயருக்கு அடியில் காகிதம் வைத்து இழுங்கள். சுலபமாக உருவிக்கொண்டு வந்தால் வண்டியை எடுக்காதீர்கள். மாற்றம் ஆர்.சி.யில் ஏற வேண்டும், மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு. ஏறாவிட்டால் இன்சூரன்ஸ் கிளெய்மில் தகராறு வரும். அதை ஆர்.டி.ஓ. ஆபீஸில் நீங்களே எழுதிக் கொடுங்கள். சேஸிஸ் நம்பர் பக்கம் கிரைண்டரைக் கொண்டுபோக விடாதீர்கள், நம்பர் அழிந்தால் ஆர்.டி.ஓ.வில் வண்டி பாஸ் ஆவது பெரும்பாடு.