விழுந்தால் உடனே அழைப்பு வரும் என்றார்கள். 46,800 ரூபாய் போனதுதான் மிச்சம்

வயதான பெற்றோரை ஊரில் வைத்துக்கொண்டு வெளியூரில் வேலை பார்ப்பவர்கள், வீட்டில் சென்சார் பொருத்தி நோயாளியின் நடமாட்டத்தைக் கண்காணிக்கும் சேவை எதற்காவது பணம் கட்டும் யோசனையில் இருந்தால், தயவுசெய்து இதைப் படித்துவிட்டுக் கட்டுங்கள். கருவிகளுக்கு 34,800, ஓராண்டுச் சந்தா 12,000, ஆக 46,800 ரூபாயைக் கொடுத்துவிட்டு நிற்கிறேன். புகார் நிலுவையில் இருப்பதால் பெயரை எழுதவில்லை. இணையத்தில் விளம்பரம் செய்து, வீட்டுக்கு ஆளனுப்பிப் பொருத்தித் தரும் முதியோர் கண்காணிப்பு நிறுவனம் என்ற அளவில் புரிந்துகொள்ளுங்கள்.

அப்பாவுக்குப் பார்க்கின்சன் நோய். நடந்துகொண்டிருக்கும்போதே கால் நகராமல் நின்றுவிடும்; திரும்பும்போது தடுமாறுவார்; படுக்கையிலிருந்து எழுந்த மாத்திரத்தில் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். கும்பகோணம் வீட்டில் துணைக்கு இருக்கும் அம்மாவுக்குக் காது சரியாகக் கேட்காது. நான் சென்னையில் இருக்கிறேன். கையில் ஒரு பட்டை, மெத்தைக்கு அடியில் ஒரு விரிப்பு, கூடத்திலும் கழிவறை வாசலிலும் அசைவறியும் சென்சார்கள், எல்லாவற்றையும் வைஃபையில் இணைக்கும் ஒரு பெட்டி, இவற்றுக்கெல்லாம் பின்னால் 24 மணி நேரமும் செவிலியர்கள் அமர்ந்திருக்கும் கட்டுப்பாட்டு அறை என்று சொன்னபோது, எங்கள் வீட்டு நிலைமையைப் பார்த்தே செய்ததுபோல் இருந்தது.

நம்ப வைத்தது ஒரே ஒரு காட்சி. பொருத்த வந்த இளைஞர் பட்டையைத் தம் கையில் கட்டிக்கொண்டு, கூடத்தில் பாயை விரிக்கச் சொல்லி, அதன்மேல் தொப்பென்று விழுந்து அசையாமல் கிடந்தார். சில நொடிகளில் என் கைப்பேசி அலறியது. அப்பா சிரித்தேவிட்டார். "இனிமே நீங்க நிம்மதியா தூங்கலாம் சார்" என்று அந்த இளைஞர் எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டே சொன்னதும், மீதித் தொகையை அங்கேயே அனுப்பினேன்.

முதலில் பொய்யான எச்சரிக்கைகளாக வந்துகொண்டிருந்தன. அப்பா சாய்வு நாற்காலியில் சட்டென்று உட்கார்ந்தால்கூட விழுந்துவிட்டார் என்று செயலி கூவியது. சரிசெய்யச் சொன்னேன், "அப்டேட் பண்ணிட்டோம்" என்றார்கள், சத்தம் அடங்கியது. அவர்கள் செய்தது, பட்டையின் உணர்திறனைத் தொலைவிலிருந்தே குறைத்து வைத்தது மட்டும்தான் என்பதும், அதை எங்களுக்கு ஒரு வார்த்தை தெரிவிக்கவில்லை என்பதும் பின்னால்தான் தெரிந்தது.

மின்வாரியத்தின் பராமரிப்புப் பணிக்காக ஊரில் பகல் முழுவதும் மின்சாரம் நிறுத்தப்பட்ட ஒரு நாளில் வேறொன்று வெளிப்பட்டது. வீட்டில் வைஃபை இல்லை, பெட்டிக்கு உள்ளே பேட்டரியும் இல்லை; ஆனால் என் செயலியில் "எல்லாம் நலம்" என்ற பச்சைக்குறி நாள் முழுவதும் எரிந்துகொண்டிருந்தது. கடைசியாக வந்த தகவலையே இப்போதைய நிலைபோலக் காட்டிக்கொண்டிருந்தது அது. தகவல் வந்த நேரம் காலை ஒன்பதேகால் என்பது கீழே, சாம்பல் நிறத்தில், கண்ணாடி போட்டால்தான் தெரியும் எழுத்தில் இருந்தது. தகவல் நின்றுபோனால் அதைச் சொல்லாத கண்காணிப்புக்குக் கண்காணிப்பு என்று பெயர் வைத்தவர்களை என்னவென்பது?

அதன்பிறகுதான் அந்த விடியற்காலை வந்தது. கழிவறைக்குப் போன அப்பா, சுவரைப் பிடித்தபடியே மெல்லச் சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டார், எழ முடியவில்லை. பட்டை கையில்தான் இருந்தது, மின்சாரமும் இருந்தது. அம்மா கண்விழித்து வந்து பார்க்கும்வரை ஈரத்தரையில் கிடந்திருக்கிறார். எலும்பு முறியவில்லை என்று மருத்துவர் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. என் கைப்பேசியில் ஓர் அழைப்புகூட வரவில்லை. மெத்தை விரிப்பு அவர் எழுந்ததைப் பதிவு செய்திருந்தது, வாசல் சென்சார் அவர் உள்ளே போனதைப் பதிவு செய்திருந்தது; போனவர் ஏன் திரும்பவில்லை என்று கேட்க அந்த 24 மணி நேர அறையில் யாரும் இல்லை.

இதுபோன்ற பட்டைகளில் இருப்பது முடுக்கத்தை அளக்கும் சிறு சில்லு. திடீரென்று விழும் வேகம், தரையில் மோதும் அதிர்வு, பிறகு அசைவின்மை என்ற வரிசையைப் பார்த்துத்தான் பொதுவாக அது விழுந்ததாகக் கணக்கிடுகிறது. அந்த இளைஞர் பாயில் விழுந்தது அந்த வரிசைக்குப் பொருந்திய வீழ்ச்சி. நோயாளிகள் பலர் அப்படி விழுவதில்லை. சுவரோடு சரிகிறார்கள், கட்டிலிலிருந்து வழுகுகிறார்கள். உணர்திறனைக் குறைத்துவிட்டால் அந்த மெல்லிய அதிர்வும் கணக்கில் வராது. அன்று எங்கள் கூடத்தில் காட்டியது வித்தை.

அழைத்தால் முதலில் "டிக்கெட் போட்டிருக்கோம் சார்" என்றார்கள், அதாவது புகாரைப் பதிந்துவிட்டார்களாம். பிறகு வைஃபை எங்கள் பொறுப்பு என்றார்கள். பிறகு, "உணர்திறனைக் குறைக்கச் சொன்னதே நீங்கதானே" என்று என்னையே கேட்டார்கள். கட்டுப்பாட்டு அறை எண்ணை நள்ளிரவில் அழைத்துப் பார்த்தேன்; தூக்கக் கலக்கத்தில் எடுத்தவர் விற்பனைப் பிரிவில் இருப்பதாகவும் காலையில் பேசுவதாகவும் சொன்னார். 46,800 ரூபாயைத் திருப்பிக் கேட்டபோதுதான் கடைசி ஆயுதம் வெளியே வந்தது: இது மருத்துவக் கருவி அல்லவாம், நலவாழ்வுக் கருவியாம், பில்லின் பின்பக்கத்தில் அச்சிட்டிருக்கிறதாம். விளம்பரத்தில் மட்டும் 'நோயாளி கண்காணிப்பு' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். நோயைக் கண்காணிக்கும் நோக்கத்துக்கான கருவிகளும் 2020 ஏப்ரல் முதல் 2017 ஆம் ஆண்டின் மருத்துவக் கருவி விதிகளின் வரம்புக்குள் வந்துவிட்ட நிலையில், விற்கும்போது ஒரு பெயரும் கேள்வி கேட்டால் இன்னொரு பெயரும் சொல்வது எதற்கு என்று புரியாமலா இருக்கிறது?

என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்துத்தான் தொடங்கினேன். இப்போது இருக்கும் கோபத்தில் இவ்வளவுதான் வருகிறது. செய்து காட்டச் சொன்னால், வேகமாக விழ விடாதீர்கள், சுவரோடு மெல்லச் சரியச் சொல்லுங்கள். அவர்கள் முன்னிலையிலேயே மெயினை அணைத்துவிட்டுச் செயலி என்ன காட்டுகிறது என்று பாருங்கள். கட்டுப்பாட்டு அறையைப் பணம் கட்டுவதற்கு முன்பே இரவு இரண்டு மணிக்கு அழைத்துப் பாருங்கள். ஓராண்டுச் சந்தாவை மொத்தமாகக் கட்டாதீர்கள். பேசியதையெல்லாம் எழுத்தில் வாங்குங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நான் அங்கே பதிவு செய்துவிட்டேன், பணம் வரவில்லையென்றால் அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகப்போகிறேன். இதே மாதிரி பில்லின் பின்பக்கத்தைக் காட்டித் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் யாராவது இருந்தால், அந்தப் பக்கத்தைப் படமெடுத்து வைத்துக்கொண்டு எனக்குத் தகவல் அனுப்புங்கள்.