பத்தமடைப் பாயை ஃபோனில் விரித்த நான்கு வருடம்

பாளையங்கோட்டையில் இருந்தபடி மோஷன் டிசைன், அதாவது படத்தையும் எழுத்தையும் அசைய வைக்கும் வேலை பார்க்கிறேன். கடை விளம்பரம், கல்யாண அழைப்பு வீடியோ என்று ஓடிக்கொண்டிருந்தபோது, 2021-ல் பத்தமடையில் பாய் விற்கும் அண்ணாச்சி ஒருவர் ஒரு வேலை கொடுத்தார். வெளியூர் வாடிக்கையாளர் தன் வீட்டுத் தரையிலேயே பாய் விரிந்து கிடப்பதை ஃபோனில் பார்க்க வேண்டும். கேமராவில் தெரியும் நிஜ இடத்தின் மேல் கணினியில் செய்த பொருளை வைத்துக் காட்டும் ஆக்மென்டட் ரியாலிட்டியில் (ஏஆர்) நான் இறங்கியது அப்படித்தான்.

விளம்பர வீடியோவில் பாய் ஒரு விநாடியில் விரியும், அழகாகவும் இருக்கும். அதே அசைவை ஏஆரில் வைத்துப் பார்த்தால், ஆறடிப் பாயை யாரோ காலடியில் வீசி எறிந்த மாதிரி இருந்தது. திரையில் வேகத்தைப் பிக்சலில் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, இங்கே அடிக்கணக்கு வேண்டும். கடைக்கே போய், அண்ணாச்சி பாய் விரிப்பதைத் திரும்பத் திரும்பப் படம் பிடித்தேன். சுருள் முதலில் தயங்கும், பாதி தாண்டியதும் தானாக ஓடும், கடைசி ஓரம் மட்டும் படியாமல் மேலே சுருண்டு நிற்கும். கையால் தடவினால்தான் அடங்கும். அந்த ஓரத்தை ப்ளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் கொண்டுவர ஒரு வாரம் ஆனது. மொத்த அசைவு இப்போது மூன்று விநாடி. கோரைப் பாய் என்று சொல்வதே அந்த ஓரம்தான். அது இல்லாவிட்டால் பிளாஸ்டிக் பாய்.

முதலில் காட்டியபோது அண்ணாச்சி சொன்னது: "தம்பி, பாய் மிதக்குதுல்லா?" அடியில் நிழல் வைக்கவில்லை. ஓரத்தை ஒட்டி மெல்லிய நிழல் சேர்த்ததும் பாய் தரையில் உட்கார்ந்துவிட்டது.

வைத்த இடத்தில் நிற்காமல் பாய் நகர்ந்துபோகும் வழுக்கல்தான் பெரிய தலைவலி. கேமராவில் தெரியும் புள்ளிகளையும், ஃபோன் அசைவதைச் சொல்லும் சென்சார்களையும் சேர்த்துத்தான் ஏஆர் இடத்தைக் கணிக்கிறது. நம் ஊர்ப் பழைய வீடுகளின் பளபளக்கும் சிவப்புச் சிமென்ட் தரையில் பிடித்துக்கொள்ள ஒரு புள்ளியும் கிடைக்காது. தினத்தாள் ஒன்றை விரித்துப் போட்டு ஸ்கேன் செய்யச் சொல்கிறேன், நன்றாகவே பிடிக்கிறது. பாயையே, ஏஆர் பார்த்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும் அடையாளப் படமாக வைக்கலாம் என்று முயன்றது வீண். ஒரே மாதிரி பட்டைகள் திரும்பத் திரும்ப வருவதால் எந்தப் பட்டை எது என்று அதற்குக் குழம்பிவிடுகிறது.

கருவிகளைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். நான் முதலில் பழகியது ஒரு பெரிய நிறுவனத்தின் இலவசக் கருவி. அதை அவர்களே மூடிவிட்டார்கள், அதில் செய்து வைத்த வேலை எல்லாம் போயிற்று. மனசு ரொம்பக் கஷ்டப்பட்டது. அப்புறம் எல்லாவற்றையும் ஜிஎல்பி என்ற பொதுவான முப்பரிமாணக் கோப்பாகவே வைக்கிறேன், ஐஃபோனுக்கு மட்டும் அதற்கான யூஎஸ்டிஇசட் கோப்பு. உள்ளே எலும்பு மாதிரி வைத்து அசைக்கும் அசைவும், ஒரு வடிவம் இன்னொன்றாக மாறும் ஷேப் கீயும் ஜிஎல்பியில் போகும். துணி அசைவதைக் கணக்கிட்டுக் காட்டும் ப்ளெண்டரின் துணி சிமுலேஷன் அப்படியே போகாது, அசைவை முன்கூட்டியே கணக்கிட்டுப் பதிந்து வைக்க ('பேக்' செய்ய) வேண்டும். கோப்பு நாலைந்து எம்பிக்குள் இருந்தால் சேரன்மகாதேவிப் பக்கம் சிக்னல் குறைந்த இடத்திலும் திறக்கிறது.

ஃபோனில் ஏஆரை ஓட்டும் ஆப்பிளின் ஏஆர்கிட் 2017-லும், கூகுளின் ஏஆர்கோர் 2018-லும் வந்துவிட்டாலும், விலை குறைந்த ஃபோன்களில் ஆழம் அறியும் திறன் இன்னும் சரியில்லை. பாய்மேல் கால் வைத்தால், கால் பாய்க்கு அடியில் போய்விடுகிறது. சித்திரை வெயிலில் பத்து நிமிஷம் ஓட்டினால் ஃபோன் சூடாகித் திரை மங்குகிறது. இருந்தாலும், அளவு கேட்டு வரும் ஃபோன் குறைந்திருக்கிறது என்கிறார் அண்ணாச்சி. எனக்கு அது போதும்.

இப்போது மணமக்கள் பெயர் நெய்த கல்யாணப் பாய் செய்துகொண்டிருக்கிறேன். வீடியோவில் கேமரா என் கையில் இருக்கும். இங்கே பார்ப்பவர் எந்தப் பக்கமும் சுற்றி வருவார், பெயர் தலைகீழாகத் தெரியும். அதனால் அவர் எங்கே நிற்கிறார் என்று பார்த்து, பாய் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்ட பிறகே விரியத் தொடங்கும்படி வைத்திருக்கிறேன்.