டர்பன் வெயிலில் காது மெஷினோடு ஓடுவது

டர்பனில் டிசம்பர் முதல் மார்ச் வரை சும்மா நடந்தாலே சட்டை முதுகில் ஒட்டிக்கொள்ளும். நான் காது கேட்பதற்காகக் காதுக்குப் பின்னால் மாட்டும் மெஷினோடு சில வருடங்களாக நார்த் பீச் பார்க்ரன், அதாவது வாராவாரம் எல்லோரும் சேர்ந்து ஓடும் ஓட்டம், ஓடுகிறேன். 5 கிலோமீட்டர்தான், ஆனால் வியர்வைக்கு அது போதும்.

மெஷினில் ஐபி68 என்று, அதாவது தூசியும் தண்ணீரும் புகாது என்பதற்கான தரக்குறி, போட்டிருந்தால் பயமே இல்லை என்பார்கள். 6 தூசிக்கு, 8 தண்ணீரில் மூழ்குவதற்கு, சரி, ஆனால் அந்தச் சோதனை நல்ல தண்ணீரில் நடப்பது. வியர்வையில் இருக்கும் உப்பு காய்ந்த பிறகும் போகாது, பேட்டரி தொடும் தகட்டில் படிந்து அரிக்கும். என்னுடையதில் ஆரஞ்சு ஸ்டிக்கர் ஒட்டிய 13-ஆம் நம்பர் பேட்டரி; ஜிங்க்-ஏர் வகை என்பதால் அதற்குக் காற்று வேண்டும், துளையில் வியர்வை அடைத்தால் பாதி ஓட்டத்தில் சத்தம் நின்றுவிடும். புதிதாக வாங்குகிறவர்கள் சார்ஜ் போடும் மாடலைப் பாருங்கள், இந்தத் தொல்லை அதில் இல்லை.

கொடுத்த காசுக்கு உழைத்தது மெஷின் மேல் மாட்டும் துணி உறைதான். கடற்கரைக் காற்றின் இரைச்சலும் கொஞ்சம் அடங்குகிறது. மூக்குக் கண்ணாடி போட்டால் காதுக்குப் பின்னால் இடம் பத்தாது, அது ஒரு குறை. ஓடி முடித்த உடனே உறையைக் கழற்றிவிட வேண்டும், ஈரத்துணியை மெஷினில் சுற்றி வைத்திருப்பதற்கு உறையே இல்லாமல் ஓடலாம்.

ஏசி காரிலிருந்து புழுக்கத்தில் இறங்கினால் மெஷினிலிருந்து காதுக்குச் சத்தம் கொண்டுபோகும் டியூபுக்குள் நீர்த்துளி கோத்துக்கொள்ளும், குரல் அடைத்த மாதிரி கேட்கும். காதுக்குள் பொருந்தும் அச்சையும் டியூபையும் மெஷினிலிருந்து பிரித்த பிறகு ரப்பர் ஊதியால் ஊதினால் போய்விடும். ஹேர் டிரையர் வேண்டவே வேண்டாம்.

ராத்திரி ஈரம் உறிஞ்சும் சிலிகா ஜெல் போட்ட டப்பா. பேட்டரியை வெளியே எடுத்துவிட்டு மெஷினை மட்டும் வையுங்கள், இல்லாவிட்டால் பேட்டரியும் சேர்ந்து காய்ந்துவிடும். மின்சார உலர்த்தி இதைவிட நன்றாகவே வேலை செய்கிறது, ஆனால் நம் ஊர் கரண்டை நம்பி அதை மட்டும் வைத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. அரிசியில் புதைப்பது வீண் வேலை, மாவுத்தூள்தான் உள்ளே போகும்.

காவடி அன்று மெஷினை வீட்டிலேயே வைத்துவிட்டு வா என்பாள் அக்கா. மேளம் கேட்காமல் என்ன காவடி? உறையோடு போகிறேன், மஞ்சள் தண்ணீர் ஊற்றும் இடம் வந்தால் கழற்றி டப்பாவில் போட்டு அவள் பையிலேயே கொடுத்துவிடுகிறேன்.